செம்பியின் ஆபரேஷனும் ஒரு கையெழுத்தும்

அடி அண்ணாமலை,
8.11.2025

ஓவியாவின் அப்பாவுக்கு, உங்கள் தேவி எழுதுவது. நானும் பிள்ளையும் சுகம். மஸ்கட்டில் உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? இந்த விஷயத்தைப் போனில் கேட்டால் உங்களுக்கு லைன் சரியாக இருக்காது. அதனால்தான் லீவு முடிந்து திரும்பும் ராமதாஸ் அண்ணனிடம் கவரை ஒட்டிக் கொடுத்து அனுப்புகிறேன். பிரித்து ஒட்டிய மாதிரி இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

செம்பி பிழைத்துக்கொண்டாள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் வெள்ளிக்கிழமை காலை போனில் உங்களிடம் சொன்னேனே, நாய் இரண்டு நாளாகச் சோறு தொடவில்லை, தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருக்கிறாள், வயிறு உப்பியிருக்கிறது, வேங்கிக்கால் டாக்டரம்மாவிடம் கொண்டுபோகிறேன் என்று. போனை வைத்ததும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். டாக்டரம்மா ஸ்கேன் எடுத்துவிட்டு, "கர்ப்பப்பை முழுக்க சீழ். இன்னிக்கே எடுக்கலைன்னா தாங்காதுங்க" என்றார். பதினாறாயிரம் ஆகும், பாதி கட்டினால் தொடங்கிவிடலாம் என்றார். அவர் மேலும் எனக்குச் சந்தேகம்தான். ஒரு நாய்க்கு இவ்வளவா, ஆளைப் பார்த்து விலை சொல்கிறாரா என்று, ஸ்கேனை எனக்கும் காட்டச் சொன்னேன். கோபப்படாமல் காட்டினார்.

என் கையில் இருந்தது மூவாயிரம். என்ன செய்வது என்று வாசலில் நின்றபோது உங்கள் தம்பி தசரதன் பைக்கில் வந்து இறங்கினார். இத்தனை வருஷத்தில் ஓவியாவுக்கு ஒரு பென்சில் வாங்கித் தராத மனிதர், "எதுக்கு அண்ணி அலையறீங்க? நான் தரேன். அண்ணன்கிட்டயும் பேசிட்டேன்" என்று நோட்டுக் கட்டை நீட்டினார். நான் அந்தக் கிளினிக்கில் இருப்பது உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது.

பணம் வாங்கியதற்கு ஒரு கையெழுத்து போதும் என்று ஒரு பத்திரத்தாளை மடித்து, கடைசிப் பக்கத்தை மட்டும் காட்டினார். படித்துவிட்டுப் போடுகிறேன் என்றேன். "நாய் சாவக் கெடக்குது, இப்போ என்ன அண்ணி படிப்பு?" என்றார். அந்த வார்த்தையில்தான் எனக்குச் சுருக்கென்றது. பிடுங்கிப் பிரித்தேன்.

அது கிரய ஒப்பந்தம். என் அம்மா வீட்டு நகையை விற்று என் பெயரில் வாங்கினோமே, அந்த வேங்கிக்கால் மனை. நான்கு எல்லையும், பத்திர எண்ணும் எழுத்துப் பிசகாமல் இருந்தன. பத்திரம் என் பெட்டியில் இருக்கிறது, சாவி என் கழுத்தில் இருக்கிறது. அதன் ஜெராக்ஸ் ஒன்றே ஒன்று. அதை நீங்கள் விசாவுக்கு வேண்டும் என்று கொண்டுபோனீர்கள். தாளை வாங்கிய தேதியையும் பார்த்தேன். அக்டோபர் பதினேழு. அன்றைக்குச் செம்பி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தாள்.

தாளையும் பணத்தையும் அவர் பைக் மேலேயே வைத்துவிட்டு உள்ளே போனேன். டாக்டரம்மாவிடம் மூவாயிரத்தைக் கொடுத்து, மதியத்துக்குள் மீதியோடு வருகிறேன் என்றேன். கீழ்பென்னாத்தூருக்கு பஸ் ஏறினேன். கிரிவலப் பாதையில் போடும் பௌர்ணமிக் கடைக்குத் தண்ணீர் பாட்டிலும் சோடாவும் எடுக்க மொத்தக் கடை குமரேசனிடம் ஒன்பதாயிரம் அட்வான்ஸ் கொடுத்து வைத்திருந்தேன். திருப்பிக் கேட்டேன். "பௌர்ணமிக்கு அஞ்சு நாள்கூட இல்ல, இப்ப வந்து கேட்டா எப்படிம்மா?" என்று சலித்துக்கொண்டார். ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு எட்டாயிரம் தந்தார். மீதியை மகளிர் குழுவில் சரசு அக்கா கடனாக வாங்கித் தந்தார். குழுக் கடனுக்கும் கையெழுத்து போட்டேன், ஒவ்வொரு வரியும் படித்துவிட்டு.

ஆபரேஷன் ஒன்றரை மணி நேரம் நடந்தது. எடுத்ததைத் தட்டில் வைத்துக் காட்டினார் டாக்டரம்மா. பார்த்ததும் அவரைச் சந்தேகப்பட்டதற்கு வெட்கப்பட்டேன். மூன்றாம் நாள் செம்பி எழுந்து ஓவியாவின் கையை நக்கினாள். பௌர்ணமிக்கு எலுமிச்சை ஜூஸ் மட்டும் போட்டேன். வழக்கமாக வருவதில் கால்வாசிகூட வரவில்லை. பரவாயில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போன் செய்தீர்கள். ஓவியாவிடம் பரீட்சையைப் பற்றிக் கேட்டீர்கள், என்னிடம் மழையைப் பற்றிக் கேட்டீர்கள். நாய் இருக்கிறதா செத்துவிட்டதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் ஆபரேஷனுக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்ற பேச்சு வரும் என்று பயந்தீர்களோ என்னவோ.

எல்லாம் தசரதன் தன்னிஷ்டத்துக்குச் செய்தது என்று நீங்கள் எழுதினால் நம்ப முயற்சி செய்வேன். இல்லையென்றால், அங்கே உங்களுக்கு என்ன நெருக்கடி? வேலை போய்விட்டதா? யாரிடமாவது மாட்டிக்கொண்டீர்களா? எதுவானாலும் என்னிடம் நேராகக் கேளுங்கள். நீங்கள் வாய்விட்டுக் கேட்டிருந்தால் மனையை நானே விற்று அனுப்பியிருப்பேன்.

பதிலை உங்கள் கையெழுத்திலேயே எழுதி அனுப்புங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். அண்ணாமலையார் உங்களுக்கு நல்ல உடம்பையும், என்னிடம் உண்மையைச் சொல்லும் தைரியத்தையும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
இன்னும் உங்களுக்காகக் காத்திருக்கும்
அருணாதேவி