லேமினேட் செய்த அரச இலை

ஆகஸ்ட் 9, ஞாயிறு

காலையில் வசந்தி போன் செய்தாள். கல்லூரியில் என்னோடு தாவரவியல் படித்தவள். இப்போது கல்லாகிப்போன இலைகளை வைத்து, பூமி சூடாகக் கிடந்த பழங்காலத்தில் காற்றில் எவ்வளவு கரியமில வாயு இருந்தது என்று ஆராய்கிறாள். அந்த வாயு கூடினால் இலையில் துளைகள் குறையுமாம். கணக்கைச் சரிபார்க்க, பறித்த வருஷம் தெரிந்த இலைகள் வேண்டும்.

"ஏய், நம்ம காலேஜ் அரசமரத்து இலை ஒண்ணு வச்சிருந்தியே, இன்னும் இருக்குதாடி?"

இருந்தது. கல்யாணமான புதிதில் அதை வீட்டுக்காரரிடம் காட்டினேன். மறுநாளே சூளகிரிக்கு எடுத்துப்போய் லேமினேட் செய்து வந்துவிட்டார். ரேஷன் கார்டிலிருந்து என் டிகிரி வரைக்கும் அவர் கையிலிருந்து தப்பியது எதுவுமில்லை. "இனிமே எத்தன வருஷம் ஆனாலும் கெடாது பாரு" என்று நீட்டினார். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் பேசவில்லை.

கதையைக் கேட்டு வசந்தி சிரித்தாள். "பிளாஸ்டிக்க வெட்டிட்டு அனுப்பு. முடிஞ்சவரைக்கும் பாக்கறேன்."

சாயங்காலம் கத்தரியோடு உட்கார்ந்தேன். காம்புக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக்குக்குள் ஒரு சின்னக் காற்றுக்குமிழி. இத்தனை வருஷமாக அதை நான் பார்த்ததே இல்லை. அவர் போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. அன்றைக்குக் கடையில் நின்று அவர் விட்ட மூச்சு அதில் கொஞ்சம் இருக்குமோ என்னவோ.

வெட்டும்போது இலை கிழிந்துவிட்டது என்று நாளைக்கு வசந்தியிடம் சொல்வேன். நம்பமாட்டாள். நம்பியதுபோல் இருந்துவிடுவாள்.