பத்து லட்சத்து ஒன்று

என் உயிரான அத்தானுக்கு,

உங்கள் முதல் திவசத்தன்று ஐயர் போன பிறகு கூடத்தில் இருந்தது நான்கு பேர்: நான், நம் மகள் கோமதி, உங்கள் தம்பி, பேட்டைப் பட்டறையில் உங்களோடு வேலை பார்த்த சுடலைமுத்து அண்ணாச்சி.

உங்கள் படத்துக்கு அடியில் 1000001 என்று எழுதிப் போடலாம் என்றாள் கோமதி. "அப்பாவும் அம்மாவும் சேந்து கண்டுபிடிச்ச பகா எண்ணுலா!"

அண்ணாச்சி வெற்றிலையை மடித்தபடி சிரித்தார். "அது எங்கன பகா எண்ணு? நூத்தியொண்ணுல வகுபடும்லா. அப்பவே பட்டறையில வச்சு அவன்கிட்ட போட்டுக் காட்டுனேன் மதினி. 'அவகிட்ட சொல்லிராத வே, ஆசையா போட்டுக்கிட்டிருக்கா'ன்னான்."

"செத்துப்போன மனுசன ஏன் வே இழுக்கீரு?" என்றார் உங்கள் தம்பி.

அடுக்களைக்குப் போய்ப் பெருக்கிப் பார்த்தேன். 101 பெருக்கல் 9901. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

கோமதியின் பள்ளிப் புத்தகத்தில் பகா எண்ணை நான் படித்த காலத்தில் இந்த எண்ணைச் சொன்னதே நீங்கள்தான். "அந்த முனையில நீ ஒண்ணு, இந்த முனையில நான் ஒண்ணு. நடுவுல ஒருத்தரும் கெடையாதுட்டி. இத யாரால வகுக்க முடியும்?"

ஆயிரத்துக்குள் உள்ள பகா எண்கள் எதனாலும் வகுபடாவிட்டால் இதுவும் பகா எண்தான் என்று தெரிந்து, வேலையைப் பங்கு போட்டோம். இருநூறு வரை உங்களுக்கு. அதற்கு மேல் எல்லாம் எனக்கு. சாயங்காலம் விளக்கேற்றி, காந்திமதி அம்மையைக் கும்பிட்டுவிட்டு, நாளைக்கு ஒரு எண்ணால் வகுத்தேன். ஒவ்வொரு முறையும் மீதி வந்தது. ஒவ்வொரு மீதிக்கும் அம்மைக்கு நன்றி சொன்னேன். என் பங்கில் பிழை இல்லை அத்தான்.

"என் பங்கும் முடிஞ்சிட்டு. ஒண்ணுலயும் வகுபடல" என்றீர்கள். சர்க்கரைப் பொங்கல் வைத்துக் கும்பிட்டோமே, அன்று அம்மையிடம் நீங்கள் என்ன சொன்னீர்கள்?

என் ஆசையைக் கெடுக்க வேண்டாம் என்று மறைத்தீர்களாம். வீட்டுக் கணக்கில் ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை கூட்டுகிறவள் நான். உங்கள் வாய்ச்சொல்லை மட்டும் ஒரு நாளும் சரிபார்த்ததில்லை. அதுதான் சுடுகிறது.

கடைசியாக ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போய் வந்து, "ஒண்ணுமில்லட்டி, வாயுதான்" என்றீர்கள். அதையும் நான் சரிபார்க்கவில்லை. அன்று டாக்டர் உங்களிடம் என்ன சொன்னார்?

படத்துக்கு அடியில் எண் வேண்டாம் என்று கோமதியிடம் சொல்லிவிட்டேன். இப்போது 1000003 எடுத்திருக்கிறேன். அது பகா எண் என்று அவள் போன் சொல்கிறதாம். "பெறவு என்னத்துக்கும்மா போடுதே?" என்கிறாள். போன் சொல்லட்டும், யாரும் சொல்லட்டும். இரண்டிலிருந்து கடைசி வரை நானே வகுப்பேன், யாருக்கும் பங்கு தரமாட்டேன். இது உங்கள் மேல் சத்தியம்.

நேற்று 101 வந்தது. இரண்டு முறை வகுத்தேன். மீதி இரண்டு.

டாக்டர் சொன்னதை மட்டும் சொல்லுங்கள். கனவிலாவது சீக்கிரம் வந்து பதில் சொல்லுங்கள்.

இன்னும் உங்கள் மனைவியான,
சிவகாமி