வெல்லம் போடாத மல்லாட்டை

அன்புள்ள வெண்ணிலா,

நான் நலம். ஒலக்கூரில் மழை விட்டதா? அம்மாவின் கால்வலி தேவலையா?

போனில் சொன்னால் பயப்படுவாய் என்றுதான் எழுதுகிறேன். தொண்டையில் ஒட்டும் ஆஸ்பெஸ்டாஸ் தூசு வயிற்றுக்குள் இறங்கிவிடும் என்று கம்பெனியில் தினமும் வெல்லம் கொடுப்பார்களே, அதைப்பற்றி என்னோடு வேலை பார்த்த விக்கிரவாண்டிக்காரர் விருத்தாசலம் அண்ணன் கேட்டார்: "நாம வெல்லம் துன்னுக்கினு கெடக்குறோம், மேனேஜரு மட்டும் மூஞ்ச மூடிக்கினு வர்றாரே, ஏன்டா?"

இருவரும் வெளியில் எக்ஸ்ரே எடுத்தோம். என் நெஞ்சு சுத்தம், சத்தியமாக. கம்பெனி டாக்டர் வருஷாவருஷம் "ஒன்றுமில்லை" என்று அனுப்பிவைத்த அண்ணனுக்குத்தான் நுரையீரல் கெட்டிருக்கிறது. பழைய பாதிப்பாம். அவர் ஊருக்கு வருகிறார், போய்ப் பார்.

நான் அந்த வேலையை விட்டுவிட்டு பிஸ்கட் குடோனில் சேர்ந்துவிட்டேன். மூச்சு விடவே சந்தோஷமாக இருக்கிறது.

வறுத்த மல்லாட்டை அனுப்பு, இங்கே விற்கும் வேர்க்கடலையில் நம்மூர் ருசி இல்லை. வெல்லப்பாகு ஊற்றி உருண்டை பிடிக்காதே. வெல்லம் இனி எனக்குத் தொண்டையில் இறங்காது.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

உன்
மணிமாறன்