மூன்றாம் தடவை கேட்டால்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் சௌக்கியம், அம்மாவும் சௌக்கியம், அவளுடைய வலது முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது, மாடிப்படியைப் பார்த்தால் எதிர்ப்பு தெரிவிக்கிறது, மற்றபடி வீட்டில் அமைதி. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, போதுமான அளவு தூங்கி, நன்றாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். போனில் சொல்லக் கூடாதா, இதற்கு ஒரு கடிதமா என்று கேட்பாய். போனில் சொன்னால் நடுவில் நீ சிரிப்பாய், நான் விஷயத்தை விட்டுவிட்டு உன் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அதுவும் போக, இது நான் ஜெயித்த கதை. ஜெயித்தவன் நிறுத்தி நிதானமாகச் சொல்வான், நீ குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும்.

நாலு மாதத்துக்கு முன்னால் உன் அறைக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் வந்தார்கள். மேஜையை நகர்த்தும்போது உன் பழைய கம்ப்யூட்டர் கிடைத்தது. என்ன செய்ய என்று உன்னிடம் போனில் கேட்டேன், என்ன வேணா பண்ணுங்கப்பா, தூக்கிப் போட்டாலும் சரி என்று சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா. உனக்கு இருக்காது, அன்றைக்கு உனக்கு ஆபீசில் ஏதோ வாஷிங் மெஷின் கையேடு எழுதி முடிக்க வேண்டியிருந்தது. தூக்கிப் போடுவதற்கு முன் உள்ளே போட்டோ கீட்டோ இருக்கிறதா என்று பார்க்கலாமே என்று போட்டேன். அஞ்சு நிமிஷம் முக்கி முனகிவிட்டுத் திறந்தது. திரையின் நடுவில் வறண்ட ஆறு படம் போட்ட ஒரு சின்னப் பெட்டி, கீழே 'ஆறு எங்கே போச்சு'. நீ காலேஜில் படிக்கும்போது செய்துகொண்டிருந்த விளையாட்டு. அமுக்கினேன். ஒரு சின்னப் பெண் படுக்கையிலிருந்து எழுந்தாள், அம்புக்குறியை அழுத்தினால் நடந்தாள், யார் எதிரில் போய் நின்று ஒரு பொத்தானை அழுத்தினாலும் அவர்கள் பேசினார்கள். ஊரில் ஓடிக்கொண்டிருந்த ஆறு ஒரு நாள் காலையில் காணவில்லை, அவள் அஞ்சு ஊர் தாண்டிப் போய்த் தேட வேண்டும், அவ்வளவுதான் கதை. எனக்குப் பிடித்துப் போயிற்று. ஆறு தொலைந்ததைப் பற்றி ஒரு சாக்கு மூட்டைக்காரர், ஒரு வாத்து, ஒரு தபால்காரர் மூன்று பேரும் மூன்று விதமாகப் பொய் சொல்கிறார்கள், எது பொய் என்று நாமே நடந்து போய்த்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

அவள் எழுந்த அந்த முதல் வீட்டில் ஒரு அம்மா இருந்தாள், உன் அம்மா மாதிரியே கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிக்கொண்டு. பக்கத்தில் நாற்காலியில் மீசையோடு ஒரு ஆள், கையில் செய்தித்தாள். அந்தப் பெண்ணை அவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி அழுத்தினேன். 'கவுன்ட்டர் மூடியாச்சு' என்றார். மறுபடி அழுத்தினேன். 'கவுன்ட்டர் மூடியாச்சு'. பதினோரு தடவை அழுத்தினேன், பதினோரு தடவையும் அதையே சொன்னார். உன் அம்மா பின்னால் நின்று பார்த்துவிட்டு, அச்சு அசலா இருக்கீங்க என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. பஸ் ஸ்டாண்டு விசாரணை கவுன்ட்டரில் எட்டு மணி நேரம் பதில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால், நீ என்ன கேட்டாலும் நான் சொன்னது அதுதான், எனக்கே தெரியும். ஒரு நாள் நீ இதே கம்ப்யூட்டரைக் கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்து, அப்பா ஒரு நிமிஷம், கதை பண்ணியிருக்கேன் என்றாய். நான் தலையைத் தூக்காமல் அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னேன், போதாததற்கு, பொம்மையை நடக்க விடுறதுக்குப் பேர் கதையா என்றும் கேட்டேன். நீ கம்ப்யூட்டரை மூடிக்கொண்டு உள்ளே போனாய். அந்த விளையாட்டு கடைசியாகத் திருத்தப்பட்ட தேதியைக் கம்ப்யூட்டரே எழுதி வைத்திருக்கிறது. அது அதற்கு மறுநாள். மறுநாள் நீ சேர்த்தது ஒன்றே ஒன்று என்றும் அதிலேயே இருக்கிறது, அந்த நாற்காலிக்காரரின் வசனம். அதோடு நிறுத்திவிட்டாய், ஏழு வருஷமாக ஒரு கதையும் செய்யவில்லை.

மூன்று ஊர் முடிந்திருந்தது, நாலாவது பாதி, அஞ்சாவது வெறும் பச்சைக் கட்டம். உன் நோட்டுப் புத்தகம் மேஜை அடியில் இருந்தது, முடிவு வரைக்கும் எழுதி வைத்திருந்தாய். இதே மாதிரி வீட்டில் உட்கார்ந்து விளையாட்டு செய்கிறவர்கள் கூடும் ஒரு இணையதளம் இருக்கிறது, அதில் 'பாதியில் விட்டதை முடிப்போம்' என்று ஒரு போட்டி அறிவித்திருந்தார்கள், அஞ்சு வாரம் கெடு. நீ தூக்கிப் போடச் சொன்னதை நான் எடுத்துப் போட்டுக்கொண்டேன். தினமும் டூட்டிக்குப் போகும் முன் இரண்டு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை முழுநாள். முதல் வாரம் ஒரு மரத்தை நட்டேன், அது கூரைமேல் முளைத்தது. ஒரு ஆட்டை நடக்க வைத்தேன், அது சுவருக்குள் நடந்து போய் இன்றுவரை வரவில்லை. ஆனாலும் பிடிபட்டுவிட்டது. திரை முழுக்கச் சதுரக் கட்டம், ஒவ்வொரு ஆளும் ஒரு கட்டத்தில் நிற்கிறான், எந்த ஸ்விட்ச் விழுந்தால் எதைச் சொல்ல வேண்டும் என்று நாம் எழுதி வைக்க வேண்டும். நம் வீட்டு மோட்டார் ஸ்விட்சைவிட ஒழுங்காக வேலை செய்கிறது.

எனக்கு உறுத்திய விஷயம் ஒன்றுதான். உன் ஊர் ஜனங்கள் எல்லோரும் எத்தனை தடவை கேட்டாலும் சொன்னதையே சொல்கிறார்கள். மற்ற விளையாட்டுகளையும் போட்டுப் பார்த்தேன், எல்லா ஊரிலும் இதே கதைதான். இருபத்தாறு வருஷம் கவுன்ட்டர் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தவனிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். முதல் தடவை ஒருவர் நாலு பத்து பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டால், அவருக்கு வேண்டியது பஸ். இரண்டாம் தடவை கேட்டால், நான் சொன்னது காதில் விழவில்லை. மூன்றாம் தடவையும் வந்து அதையே கேட்டால் அவர் பஸ்ஸைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஒரு அம்மாள் அப்படிக் கேட்டபோது நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் பார்வை நேரம் முடிவதற்குள் போய்ச் சேர முடியுமா என்பதுதான் அவருடைய கேள்வி. மூன்றரை வண்டியில் ஏற்றிவிட்டேன். இதைத்தான் உன் விளையாட்டில் கொண்டுவந்து வைத்தேன். அஞ்சு ஊரிலும் சேர்த்து அறுபத்து நாலு பேர், வாத்தைத் தவிர ஒவ்வொருவருக்கும் மூன்று பதில். சாக்கு மூட்டைக்காரர் முதலில் பொய் சொல்வார், இரண்டாவது சலித்துக்கொள்வார், மூன்றாவது தடவை மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று காட்டுவார். புத்தகத்தில் நாம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் கதை தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். இதில் இன்னொரு தடவை கேட்பதா, முதுகைக் காட்டிவிட்டுப் போவதா என்று கையில் பொத்தானை வைத்திருப்பவர்தான் முடிவு செய்கிறார். இது கதையா என்று கேட்டேனே, அது நான் கேட்ட கேள்வியிலேயே மட்டமான கேள்வி. வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

பஸ் ஸ்டாண்டில் எங்கள் டைம்கீப்பர் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் விளையாடிப் பார்த்துக் குறை சொல்லுவார். நாலாவது ஊரில் படகுக்காரன் நினைத்த நேரத்துக்குக் கிளம்புகிறான் என்று அவருக்குக் கோபம், அது என்ன படகுத்துறையா பஞ்சாயத்தா என்று சத்தம் போட்டு ஒரு கால அட்டவணையே எழுதிக் கொடுத்தார், அதையும் சேர்த்துவிட்டேன். கெடு முடிகிற நாள் மத்தியானம் உன் அம்மாவை உட்கார வைத்தேன். பல் டாக்டரிடம் உதவிக்கு நிற்கிறவள், யார் பேசினாலும் பல்லைத்தான் பார்ப்பாள், அவளுக்குப் புரிந்தால் உலகத்துக்கே புரியும். பெண்ணை எழுப்பினாள், அம்மாவிடம் பேசினாள், நாற்காலி அப்பாவிடம் மூன்று தடவை கேட்டாள். மூன்றாவது பதிலைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அது என்ன பதில் என்று கடைசியில் சொல்கிறேன். அந்தப் பதிலைச் சொன்னதும் அப்பா எழுந்து மகளை வழியனுப்ப வாசல்வரை நடந்து போவதாக வைத்திருந்தேன். போனார், வாசலில் நின்றார். நின்றவர் நின்றவர்தான். ஒரு கட்டத்தில் ஒருவர்தான் நிற்க முடியும், வாசல் ஒரே ஒரு கட்டம், பெண்ணால் வெளியே போகவே முடியவில்லை. ஆறாவது, ஊராவது, கதை முதல் வீட்டிலேயே முடிந்தது. உன் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, நிஜத்துலயும் இப்படித்தாங்க நின்னீங்க என்றாள். நீ வேலைக்குக் கிளம்பிய அன்று டாக்சி ஹாரன் அடிக்க அடிக்க நான் வாசற்படியில் நின்று எந்த பஸ் எங்கே மாறணும் என்று சொல்லிக்கொண்டிருந்தேனே, அதைச் சொல்கிறாள். சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கெடு. தேடு தேடு என்று தேடி, கடைசியில் அந்த ஒரு வரியைக் கண்டுபிடித்தேன், இடது பக்கம் ஒரு கட்டம் நகர். என்னை ஒரு கட்டம் தள்ளி நிறுத்த எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது. பெண் என்னைத் தாண்டி விறுவிறு என்று வெளியே போனாள், வெயிலில். நாலு நாற்பதுக்கு அனுப்பிவிட்டேன். செய்தவர் பெயர் என்ற இடத்தில் உன் பழைய பட்டப்பெயரை வைத்து, 'கதை, ஊர், ஆறு: சுண்டெலி. மீதி: அப்பா' என்று போட்டேன்.

இனிமேல்தான் விஷயமே. மொத்தம் நாற்பத்தொரு விளையாட்டு. விளையாடினவர்களே ஓட்டுப் போடுவார்கள். கதை சொன்ன விதத்துக்கு முதல் பரிசு, சுண்டெலி, உனக்கு. இன்னொரு தடவை படித்துக்கொள். முந்நூறு சொச்சம் பேர் விளையாட்டை இறக்கி எடுத்திருக்கிறார்கள், எண்பத்தேழு பேர் ஆறு திரும்பி வரும்வரை கடைசி வரை விளையாடியிருக்கிறார்கள். முகம் தெரியாத ஒருவர், 'ஓட்டைப் படகு' என்ற பெயரில் வருகிறவர், எத்தனையோ விளையாட்டு முடித்திருக்கிறேன், திரும்பக் கேட்டேன் என்பதைக் கவனித்த ஜனங்களை இங்கேதான் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறார். வாத்துக்கு மட்டும் தனியாகப் பதினாலு பேர் பாராட்டு எழுதியிருக்கிறார்கள், அந்த வாத்து முழுக்க முழுக்க நீ எழுதியது, நான் ஒரு எழுத்தைத் தொடவில்லை. படகுக்காரர் ஓயாமல் நேரம் சொல்கிறார் என்று ஒருவர் குறைப்பட்டிருக்கிறார், அதை டைம்கீப்பரிடம் மறைத்துவிட்டேன். அவர் என்ன செய்தார் தெரியுமா, ஒலிபெருக்கியில் அஞ்சாம் நடைமேடை வண்டியை அறிவித்துவிட்டு, அதே குரலில் விசாரணை கவுன்ட்டர்காரரின் மகள் முதல் பரிசு வாங்கியிருக்கிறார் என்று அறிவித்தார். வரிசையில் நின்றவர்கள் எதற்கு என்று தெரியாமலே கை தட்டினார்கள். நான் கண்ணாடிக்குப் பின்னால் எழுந்து நின்று கும்பிட்டேன். உன் அம்மா சான்றிதழை அச்செடுத்து பிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள், கிளினிக்குக்கும் ஒரு பிரதி போயிருக்கிறது, வாயைத் திறந்து வைத்திருக்கிறவர்களிடம் அவள் இதைத்தான் சொல்கிறாளாம், அவர்களால் மறுத்துப் பேச முடியாது.

போட்டி நடத்தியவர்கள் சுண்டெலிக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறார்கள், அடுத்து என்ன செய்கிறீர்கள் என்று கேட்டு. நான் பதில் போடவில்லை, அது என்னிடம் கேட்ட கேள்வி இல்லை. அச்செடுத்து இதோடு வைத்திருக்கிறேன். வாஷிங் மெஷின் கையேட்டை நான் குறை சொல்லவில்லை, அதை எழுதவும் ஆள் வேண்டும். செய் என்றும் சொல்ல மாட்டேன், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன், வாசலை மறித்து நின்றதெல்லாம் போதும். கழுத்து வலி வராமல் நிமிர்ந்து உட்கார், நாற்காலி சரியில்லை என்றால் நல்லதாக ஒன்று வாங்கு, அவ்வளவுதான் நான் சொல்வது.

இப்போது அந்த மூன்றாவது பதில். நீ எழுதிய வசனத்தை நான் அழிக்கவில்லை, அது எனக்கு வேண்டியதுதான். முதல் தடவை கேட்டால் அவர் இப்போதும் 'கவுன்ட்டர் மூடியாச்சு' என்றுதான் சொல்வார். இரண்டாவது தடவை கேட்டால் செய்தித்தாளைக் கீழே வைத்துவிட்டு, 'என்னம்மா வேணும்' என்பார். மூன்றாவதை எழுதத்தான் எனக்கு அஞ்சு வாரமும் பிடித்தது. இருபத்தாறு வருஷத்தில் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் நான் ஒரே ஒரு நாள்கூடத் தெரியாது என்று சொன்னதில்லை, தெரியாவிட்டாலும் யாரையாவது கேட்டாவது வழி சொல்லிவிடுவேன், அது என் கௌரவம். இங்கே எழுதிவிட்டேன். 'நீ போற வழி எனக்குத் தெரியாதும்மா. அன்னிக்கு நான் சொன்னது தப்பு. நீ போயிட்டு வந்து சொல்லு, உக்காந்து கேக்கறேன்.'

எந்த ஊரில் இருந்தாலும் உனக்கு நல்லதே நடக்கட்டும், எடுத்த காரியம் கைகூடட்டும், அம்மாவும் நானும் மனசார ஆசீர்வதிக்கிறோம். விளையாட்டை ஒரு பென் டிரைவில் ஏற்றி இதோடு அனுப்பியிருக்கிறேன். வேகமாக விளையாடுகிறவள் நீ, அந்த முதல் வீட்டை விட்டு அவசரமாகக் கிளம்பிவிடாதே. மூன்று தடவை கேள்.

இப்படிக்கு,
வாசலுக்கு ஒரு கட்டம் இடது பக்கம் நிற்கும்
உன் அப்பா