கோலை விட்டு வெளியே வரச் சொன்னவனுக்கு

இன்று காலை வேலைக்குப் போக எலிவேற்றரில் ஏறினேன். உள்ளே ஒருவரும் இல்லை. சற்று முன் இறங்கிப் போன யாரோ நோவுக்குப் பூசும் தைலத்தின் மணத்தை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கீழ்த்தளம் வரும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். நீ செத்து ஒரு மாதம் ஆகிறது, இன்னும் அந்த மணம் மூக்கில் ஏறினால் எனக்குக் கோபம் வருகிறது. செத்தவனோடு என்ன கோபம் என்று என் மனைவி தேவி கேட்கிறாள். நான் கோபித்துக்கொண்டிருப்பது உயிரோடு எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவனோடு என்றேன். 

வருடங்களுக்கு முன் நீ எங்களோடு தங்கிய அந்தக் கோடை முழுவதும், ரொறன்ரோ சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் அப்பாட்மென்ற் அந்தத் தைலத்தால்தான் மணந்தது. நீ வரவேற்பறை சோபாவில் படுத்தாய். விடிந்ததும் முழங்காலுக்கும் இடுப்புக்கும் தேய்த்துக்கொண்டு, நாற்பது வயதில் பந்தடி சொல்லிக்கொடுக்க வந்தவனின் கதியைப் பார் என்று சிரிப்பாய். நாங்கள் எல்லோரும் சேர்ந்துதானே உன்னை அந்தக் கதிக்கு ஆளாக்கினோம்.

இந்த நகரத்தில் நம்மவர் இருவர் சந்தித்தால் முதல் கேள்வி எந்த ஊர், இரண்டாவது எந்தக் கல்லூரி. அகதி வழக்கு என்னவாயிற்று என்பது மூன்றாவதுதான். கோடை வந்தால் ஒவ்வொரு கல்லூரியின் பழைய மாணவர் சங்கமும் ஒரு உதைபந்தாட்டக் குழுவை இறக்கும். குளிர்காலம் முழுக்க உணவகச் சமையலறைகளிலும் தொழிற்சாலைகளிலும் குனிந்து நின்றவர்கள் அன்றைக்குத்தான் நெஞ்சை நிமிர்த்துவார்கள். நாங்கள் நிமிர்த்திக் கன காலமாகியிருந்தது. ஊரில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த கல்லூரி எங்களைத் தொடர்ந்து தோற்கடித்துக்கொண்டிருந்தது. வென்ற கையோடு எங்கள் சங்கச் செயலாளரின் வீட்டுக்கு ஒரு பெட்டி லட்டும் அனுப்பிவிடுவார்கள். அந்தச் செயலாளர் என் அக்காவின் கணவர். அத்தான் அந்த லட்டைத் தொட்டதே இல்லை, பிள்ளைகள்தான் தின்றார்கள்.

அப்போதுதான் நீ பாரிஸிலிருந்து வருகிறாய் என்று தெரிந்தது. நீ அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமைக் குழுவுக்கு விசில் ஊதினாய், அவ்வளவுதான். செய்தி ரொறன்ரோவுக்கு வந்து சேர்வதற்குள் பிரெஞ்சுக்காரர் பாதிப் பேர் உன்னிடம் பந்தடி பழகியிருந்தார்கள். அதைவிடப் பெரிய தகுதி ஒன்று உன்னிடம் இருந்தது. பள்ளிக்கூட நாளில், அந்தப் பக்கத்தாருக்கு எதிரான ஆட்டம் முடியப்போகிற நேரத்தில், கோணர் கிக்கில் வந்த பந்தைத் தலையால் இடித்து நீ போட்ட கோல். நான் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று கத்திக் குரல் போனவன். அந்தக் கோலைப் பார்த்தவர்களும் பார்க்காதவர்களும் இந்த நகரத்தில் ஒரே மாதிரி விவரித்தார்கள். உன்னைப் பயிற்றுநராகப் போட்டால் கிண்ணம் தானாக வீட்டுக்கு நடந்து வரும் என்று எல்லோரும் நம்பினோம்.

அத்தான் ஒருவர்தான் தலையசைக்கவில்லை.

"உவன் கடைசி ரண்டு வருசம் அந்தப் பக்கத்திலையெல்லே படிச்சவன்," என்றார் கூட்டத்தில்.

உண்மைதான். எங்கள் கல்லூரியில் கணக்குக்கு ஆசிரியர் இல்லாமல் போனபோது உன் அப்பா உன்னை அங்கே சேர்த்தார். நாட்டு நிலைமையில் அந்த வருடங்களில் ஆட்டங்களே நடக்கவில்லை, அதனால் அவர்களின் உடுப்பை நீ போட்டு யாரும் பார்க்கவில்லை. பார்க்காததை நாங்கள் நடக்காததாக எண்ணிக்கொண்டோம். நான் எழுந்து, கோல் போட்டது எந்த உடுப்போடு என்று அத்தானைக் கேட்டேன். சபை கைதட்டியது. இவனுக்கு நான் பொறுப்பு என்று சொல்லிவிட்டுத்தான் அமர்ந்தேன்.

உன்னைத் தலையில் தூக்கிவைத்து ஆடினோம். எங்கள் கட்டடத்து மண்டபத்தில் வரவேற்பு நடந்தது. ஒருவர் இந்தக் கோடைக்காக வேலை நேரத்தை மாற்றியிருந்தார். இன்னொருவர் கிண்ணம் வைக்கத் தன் கடையில் ஒரு தட்டையே காலி செய்திருந்தார். பிறகு யாரோ அந்தத் தலையடியை ஒருதரம் காட்டச் சொன்னார். நீ சிரித்துக்கொண்டே எம்பினாய், கழுத்துப் பிடித்துக்கொண்டது. பிறகு ஒவ்வொரு பயிற்சியிலும் யாராவது ஒரு கிழட்டு ரசிகர் வந்து அதையே கேட்பார். நீ மறுத்ததே இல்லை. வீட்டுக்கு வந்து தைலம் பூசுவாய். வந்த மனிதனை நிம்மதியாகச் சாப்பிட விடுகிறார்களில்லை என்று தேவி எங்களைத்தான் ஏசுவாள்.

நீ நல்ல பயிற்றுநர், அதை நான் மறைக்கவில்லை. வயிறு வைத்த இரண்டு பழம் ஆட்டக்காரர்களை வெளியே இருத்தினாய். சங்கம் கூட்டம் போட்டு அவர்களைத் திரும்பச் சேர்த்தது. அன்றைக்கு உன் முகம் கறுத்ததைக் கண்டேன். எல்லாம் சரிவரும் என்று தோளில் தட்டினேன். "நீ இருக்கிறாய், அது காணும்," என்றாய். நான் ஒருவன் போதும் என்ற அந்தச் சொல்லை எவ்வளவு காலம் பெருமையாகச் சுமந்தேன் தெரியுமா?

இறுதி ஆட்டத்துக்கு முந்திய வாரம் நீ பயிற்சிக்கு வரவில்லை. இங்கே உனக்குக் கிடைத்திருந்த வேலையில் ஆள் குறைவு என்றாய். நம்பினேன். இறுதி ஆட்டம் வேறு யாரோடு, அந்தப் பக்கத்தாரோடுதான். அன்று காலை தேவி அவித்த புட்டை வழக்கத்தைவிடக் கூடுதலாகவே சாப்பிட்டாய். உன் சாப்பாட்டுக் கோப்பையை நீயே கழுவி வைத்தாய். சப்பாத்துக் கட்டிக்கொண்டே சொன்னாய்:

"நான் வேலையால நேர கிறவுண்டுக்கு வாறன். குகனிட்டைச் சொல்லு, அவங்கள் கோணர் அடிச்சா கோலுக்கை நிக்க வேண்டாம், வெளியில வந்து பந்தைப் பிடிக்கட்டாம்."

குகன் எங்கள் கோல் காப்பாளன். நீயே தேடிப் பிடித்து வளர்த்தவன். நான் போனதும் முதல் வேலையாக அவனிடம் சொன்னேன்.

ஆட்டம் தொடங்குகிற நேரத்தில் நீ வந்தாய். மைதானத்தின் மற்றப் பக்கம், அவர்களின் கோட்டருகே, அவர்களின் தொப்பியோடு. மரியாதைக்குக் கைகொடுக்கப் போயிருக்கிறாய் என்று எங்கள் ஆட்கள் சொன்னார்கள். பிறகு நீ கைதட்டி அவர்களின் பின்வரிசைக்காரனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு இடம் மாற்றி நிறுத்தினாய். எங்கள் பக்கத்தில் ரோல்ஸ் தின்றுகொண்டிருந்தவர்கள்கூட வாயசைப்பதை நிறுத்திவிட்டார்கள். அத்தான் என்னைப் பார்த்தார்.  அவர் நாலு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

குகன் கையுறையைப் போட்டுக்கொண்டு என்னிடம் ஓடி வந்தான்.

"அண்ணை, அவர் சொன்னபடி செய்யிறதோ?"

"செய். அவன் எங்கை நிண்டாலும் எனக்குப் பொய் சொல்லமாட்டான்."

இரண்டாம் பாதியில் அவர்களுக்கு ஒரு கோணர் கிடைத்தது. குகன் வெளியே வந்தான். பந்து அவன் தலைக்கு மேலால் அடுத்த கம்பத்துக்குப் போனது. அங்கே அவர்களில் ஒருவன் தனியாகக் காத்துக்கொண்டு நின்றான். எம்பி, கழுத்தைத் திருப்பி, தலையால் இடித்தான். கோடை முழுவதும் உன்னிடம் காட்டச் சொல்லிக் கேட்ட அதே தலையடி. கேட்ட கிழவர்கள் எல்லோரும் கண்ணாரக் கண்டார்கள். அந்த ஒரு கோலோடு ஆட்டம் முடிந்தது.

கார் நிறுத்துமிடத்தில் உன்னைப் பிடித்தேன். ஓடி ஒளிவாய் என்று நினைத்தேன், நின்றாய்.

"உங்களுக்குக் கோச் தேவையில்லை மச்சான். பழைய கோல் ஒண்டுதான் தேவை. அவங்கள் என்னட்டை வந்து, ரீமை என்ன செய்யலாம் எண்டு கேட்டவங்கள்."

இதில் நியாயம் இருக்கிறது. அன்றைக்கே எனக்கு அது தெரிந்தது. எங்கள் சங்கத்தோடு இருக்க முடியாது, போகிறேன் என்று அந்தப் புட்டுக் கோப்பைக்கு முன்னால் சொல்லியிருந்தால், உன் பையை நானே தூக்கிக்கொண்டு வந்து அவர்களின் பக்கத்தில் இறக்கிவிட்டிருப்பேன். ஆகவே அதைப் பற்றி நான் வாதாடவில்லை. குகனுக்குச் சொல்லி அனுப்பியதைப் பற்றி மட்டும் கேட்டேன். நீ கார்க் கதவைத் திறந்தாய், மூடினாய், திரும்பத் திறந்தாய்.

"நான் அங்கை நிண்டதைக் கண்டனியெல்லே. கண்ட பிறகும் ஏன்ரா என்ரை சொல்லை நம்பினனி?"

காலை வாரிவிட்டவன், விழுந்தவனைப் பார்த்து ஏன் விழுந்தாய் என்று கேட்டான்.  அன்று மாலையே அவர்களில் ஒருவன் வந்து உன் பையை எடுத்துப் போனான். தேவி அவனுக்கும் தேத்தண்ணி கொடுத்தாள். நீ நகருக்கு வெளியே அஜக்ஸ் பக்கம் போனாய், வீடு வாங்கினாய், அவர்களுக்குக் கோடைதோறும் கிண்ணம் வாங்கிக் கொடுத்தாய் என்று கேள்விப்பட்டேன். அத்தான் வீட்டுக்கு லட்டுப் பெட்டி வருவது நிற்கவில்லை. நான் மைதானம் போவதை விட்டுவிட்டேன். குகன் தெருவில் கண்டால் இப்போதும் அண்ணை என்றுதான் கூப்பிடுகிறான். அதுவே எனக்குக் குத்துகிறது.

நீ எனக்குள் ஒரு பழக்கத்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். எவர் எதைச் சொன்னாலும் இரண்டாம் தரம் கேட்கிறேன். மேற்பார்வையாளர் நாளைக்கு வேலை என்றால் இன்னொருவனிடம் விசாரிக்கிறேன். மகள் நூலகத்தில் நின்றேன் என்றால் முகத்தைப் பார்க்கிறேன். "அப்பா, வை டோன்ற் யூ ட்ரஸ்ற் மீ?" என்று அவள் ஒருநாள் அழுதுகொண்டே கேட்டாள். உன்னால்தான் என்று அந்தப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வேன்.

போன மாதம் அத்தான் தொலைபேசியில் கூப்பிட்டு, நீ மாரடைப்பில் போய்விட்டாய் என்றார். யார் சொன்னது என்று கேட்டேன். பிறகு குகனைக் கேட்டேன். பிறகு உன் உடல் இருந்த மலர்ச்சாலைக்கே அழைத்துப் பெயரைச் சொல்லிக் கேட்டேன். அதுவும் போதவில்லை. பார்வைக்கு வைத்த அன்று போய், வரிசை முழுவதும் கலையும்வரை சுவரோரம் நின்றேன். உன் காலடியில் அவர்களின் கல்லூரிக் கொடியை விரித்திருந்தார்கள். கிட்ட வந்து குனிந்து உன் முகத்தைப் பார்த்தேன், நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். அதன் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

நெஞ்சு நோகிறது என்று நீ சில கிழமையாக வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாயாம். மலர்ச்சாலையில் உன் மனைவி சொன்னாள். எனக்கு ஒரு போன் எடுத்திருக்கலாமே, பாவி. வேறு எவரும் சொன்னால் இரண்டு தரம் கேட்டிருப்பேன். நீ சொல்லியிருந்தால் ஒரு சொல்லில் நம்பி ஓடி வந்திருப்பேன்.