எழுத்தாணியிலிருந்து உன் கை வரை

என் அக்கா பெற்ற மகாராணிக்கு, ஆம்பூர் தோல் மண்டிகளின் சக்கரவர்த்தியான உன் தாய்மாமன் எழுதுவது.

அடுப்பைப் பற்றி நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை. வெந்த கையில் உன் தொடைத்தோலை வைத்து ஒட்டும் ‘கிராஃப்ட்’ வேண்டாமென்று நீ அழுவதாக அக்கா சொல்லியனுப்பினாள். அந்தச் சொல்லை விசாரிக்க மண்டியில் தோல் வாங்க வரும் வெள்ளைக்காரத் துரைசாணியிடம் ஓடினேன். ஆதியில் அது கிரேக்கரின் எழுத்தாணியாம். மரத்தில் ஒட்டுக்கட்டச் சீவிய குச்சி எழுத்தாணி போலிருந்ததால் அந்தச் சொல் தோட்டத்துக்கு வந்ததாம். அங்கிருந்து டாக்டர் கைக்கு! அம்மாடி, என்ன பயணம்!

நானும் ஒரு மாங்கன்றில் ஒட்டுக்கட்டினேன். நம் ஊர்ப் புத்தி, பதப்படுத்தாத பச்சைத்தோல் வாரால் கட்டினேன். ஜில்லா நாய்களெல்லாம் மாநாடு கூடி வாரைத் தின்றுவிட்டன.

“இன்னாய்யா, மரத்துக்குச் செருப்பு தைக்கிறியா?” என்று சிரித்தாள் உன் அத்தை. பிறகு வேறு குச்சி சீவி வாழைநாரால் கட்டினேன்.

இன்று காலை அதில் ஒரு செந்தளிர். ஆயுள் முழுக்கச் செத்த தோலோடு வாழ்ந்தவன், அறுத்த இடத்தில் உயிர் ஓடுவதைக் கண்டேன்.

என் தோல் யானைக்கே போர்த்தக் காணும், எடுத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டரம்மாவிடம் கெஞ்சினேன். “அவ தோல்தான்யா அவளுக்கு ஒட்டும்” என்றுவிட்டார்.

சரியென்று சொல், ராஜாத்தி. தளிரை யாரையும் தொடவிடவில்லை. முதலில் தொடவேண்டியது உன் அந்தக் கை.

நாய்களைத் துரத்தியபடி,
உன் மாமன்