பாடத்தில் இல்லாத கேள்வி

ஹூவெய், தைவான்
மே மாதம், மழை நாள்

அன்பு அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்குக் கஞ்சியாவது இறங்குகிறதா? ஊருக்கு வரும் தோழி ஒருத்தியிடம் அவர் முதுகில் தடவத் தைலமும், உன் பிள்ளைகளுக்கு அன்னாசி கேக்கும் இந்தக் கடிதத்தோடு கொடுத்தனுப்புகிறேன். போனில் மனம்விட்டுப் பேச வழியில்லை. நான் நம் வியட்நாமியில் வாயைத் திறந்தாலே, 'யாரைத் திட்டுறே?' என்று மாமியார் பின்னாலேயே வந்து நிற்பாள்.

கண் மூடுமுன் பேத்தியோடு நாலு வார்த்தை பேசிவிட வேண்டும் என்று அப்பா கேட்கிறார் என்றாய். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை. போன ஞாயிற்றுக்கிழமை போனில் நடந்ததற்கு நீ கொதித்துப்போயிருப்பாய். கொஞ்சம் பொறு, முதலிலிருந்து சொல்கிறேன்.

யூஷானைப் பெற்ற மாதம் முழுக்க, நல்லெண்ணெயில் இஞ்சி வதக்கிப் போட்ட கோழியைத் தின்றுகொண்டு அறைக்குள்ளேயே கிடந்தேன். பிள்ளை அழுகிறாளே என்று நம் அம்மா பாடுகிற தாலாட்டை மெல்லப் பாடினேன். மாமியார் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து பிள்ளையை என் கையிலிருந்து பிடுங்கினாள். 'அந்தப் பாஷைய இவ காதுல போடாதே. நாளைக்குப் பேச்சே வராது, மக்குன்னு பள்ளிக்கூடத்துல கடைசியில உக்கார வச்சிடுவான்' என்றாள். என் வீட்டுக்காரர் பல் குத்திக்கொண்டே, 'அம்மா சொன்னா கேட்டுக்கோயேன்' என்றார்.

அன்றிலிருந்து மகளைக் கொஞ்சியதும் அதட்டியதும் என் அரைகுறைச் சீனத்தில்தான். அரைகுறையாய் அதட்டினால் எந்தப் பிள்ளை பயப்படும்? சிரிக்கும். சாப்பாட்டு மேசையில் என்னைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமென்றால், எனக்கு விளங்காத உள்ளூர்ப் பேச்சுக்கு மாறிவிடுவார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். நான் அவளுக்கு மீனில் முள் எடுத்துக்கொண்டிருப்பேன்.

இப்போது இந்தக் கூத்தைக் கேள். பள்ளிக்கூடத்தில் வியட்நாமியும் ஒரு பாடமாக வந்துவிட்டது. 'சேத்து விடு, நாளைக்கு அங்க ஃபாக்டரி வச்சிருக்கிறவன் கூப்பிட்டு வேலை குடுப்பான்' என்று மாமியாரே சொன்னாள். அதே வாய், அக்கா! டீச்சர் வடக்கே ஹனோய்ப் பக்கத்துக்காரி, நம் தெற்கத்தி உச்சரிப்பு இல்லை. முதல் நாள் ஆசையாக நானும் புத்தகத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். 'டீச்சர் இப்படிச் சொல்லல. உனக்குச் சரியா வரலம்மா' என்று மகள் புத்தகத்தை மூடிக்கொண்டாள்.

அதோடு விட்டதா? சாப்பிடும் முன் பெரியவர்கள் ஒவ்வொருவரையும் அழைத்து, சாப்பிடுங்கள் என்று சொல்ல வேண்டுமாம். வடக்கத்தி டீச்சர் கற்றுக்கொடுத்த வழக்கம். மகள் ஒருநாள் மேசையில் பாட்டி, அப்பா, அம்மா என்று வரிசையாகச் சொன்னாள். அந்த மேசையில் நம் மொழி கேட்டது அன்றைக்குத்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க அவசரமாகக் கிண்ணத்தை எடுத்து வாயில் வைத்துவிட்டேன். நம் வீட்டில் ஏது இந்த முறையெல்லாம்? பசித்தவர் முதலில் சாப்பிட்டோம், அவ்வளவுதான். 'ஐயே, அம்மாவுக்கு அவங்க ஊர் மரியாதையே தெரியல' என்றாள் மகள். மாமியார் சிரித்த சிரிப்பில் சூப் சிந்தியது. வயிறு எரிந்தது அக்கா, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

இருந்தும் நான் விடவில்லை. கெஞ்சிக் கூத்தாடி ஞாயிற்றுக்கிழமை அவளைப் போன் முன்னால் நிறுத்தினேன். 'வணக்கம் தாத்தா. என் பெயர் யூஷான். எனக்குப் பத்து வயது. எனக்கு வியட்நாம் பிடிக்கும்' என்று மூச்சு விடாமல் ஒப்பித்தாள். படுத்த படுக்கையிலும் அப்பா முகம் எப்படி மலர்ந்தது, பார்த்தாய் அல்லவா? 'எப்ப வரே, கண்ணு?' என்று கேட்டார். வேறென்ன கேட்பார் மனிதர்? அவள் என் பக்கம் திரும்பி, 'இது பாடத்துல இல்லையே' என்று சீனத்தில் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நீ அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டிருப்பாய். திமிர் இல்லை அக்கா, நிஜமாகவே அவளுக்குத் தெரியாது. அப்பா உன்னிடம், 'வெளிநாட்டுப் புள்ளைக்கு நல்லாவே பேச வருது' என்று மெச்சியதும் என் காதில் விழுந்தது. அது நான் பெற்ற பிள்ளை.

ஊருக்கு வரும் பேச்சை எடுத்தால், வேர்க்கடலை பிடுங்கி முடியட்டும் என்கிறார்கள். அது முடிந்தால் வேறொன்று வரும். அதனால் உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமையும் அவளைக் கூட்டி வந்து நிறுத்துகிறேன். எப்போது வருவாய் என்று மட்டும் அப்பா கேட்க வேண்டாம். பேரென்ன, வயதென்ன என்று கேட்கச் சொல். அவருக்குத் தெரிந்ததுதான், தெரிந்தாலும் கேட்கட்டும். ஒவ்வொரு வாரமும் கேட்கட்டும். அதற்கு அவள் பதில் சொல்வாள்.

அப்பாவின் காலை எனக்காகவும் சேர்த்துப் பிடித்துவிடு.

உன் கடைக்குட்டி,
தாம்